அந்தத் தொடர் ஓடிய நான்கு மாதங்கள்: மணிலாவில் ஒரு குடும்பம், 2013

முன்குறிப்பு

2013-ல் மணிலாப் பெருநகரின் கேசான் சிட்டியில் ஒரு சிறிய குடும்ப ஆலோசனை மையத்தில் வேலை பார்த்தேன். சமூகப்பணி படித்துவிட்டு அங்கே போயிருந்தேன். தகாலோக் மொழி பேச வரும். எதிரில் இருப்பவர் அழுதுகொண்டே வேகமாகப் பேசினால் பாதி பிடிபடாது. ஒரு தொலைக்காட்சித் தொடர் எழுப்பிய கேள்வியோடு மையத்துக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். பெயர்கள் இல்லை. அடையாளம் தெரியாதிருக்க, தொழில், பிள்ளைகளின் வயது போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவன், மனைவி இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “என்னைக் கெட்டவனாகவும் எழுத வேண்டாம், பாவப்பட்டவனாகவும் எழுத வேண்டாம்” என்றார் கணவர். அதை மனதில் வைத்திருக்கிறேன்.

மனைவியை நாங்கள் ‘ஆத்தே’ என்று அழைத்தோம். தகாலோக்கில் அக்கா. கணவர் ‘கூயா’, அண்ணன். அந்த ஊரில் முன்பின் தெரியாதவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இங்கும் அதே பெயர்களில் எழுதுகிறேன்.

பின்னணி: தொடரும் நாடும்

2013 ஜூன் 10 அன்று ஜிஎம்ஏ தொலைக்காட்சியில் ‘மை ஹஸ்பெண்ட்ஸ் லவர்’ (என் கணவனின் காதலன்) என்ற தொடர் தொடங்கியது. வார நாட்களில் இரவு ஒளிபரப்பு. அக்டோபர் 18-ல் முடிந்தது. கதையை உருவாக்கியவர் சுசெட் டோக்டொலெரோ, இயக்கம் டொமினிக் சபாட்டா. லாலி என்ற மனைவியாக கார்லா அபெல்யானா, கணவன் வின்சென்ட்டாக டாம் ரொட்ரிகெஸ், வின்சென்ட்டின் பழைய காதலன் எரிக்காக டென்னிஸ் ட்ரில்யோ நடித்தார்கள். வின்சென்ட்டின் அப்பா ராணுவ ஜெனரல். மகன் ஆணை விரும்புகிறவன் என்ற எண்ணத்தையே தாங்க முடியாதவர். அந்தப் பயத்தில்தான் வின்சென்ட் தன்னை மறைத்துக்கொண்டு கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிறான். பல வருடம் கழித்து எரிக் திரும்பி வருகிறான்.

பிலிப்பைன்ஸ் தொடர்களில் ‘காபித்’, அதாவது அடுத்தவள் கணவனோடு உறவு வைத்திருக்கும் பெண், பழகிப்போன பாத்திரம். மனைவி அவளைக் கன்னத்தில் அறைவாள், மறுநாள் ஊரே அதைப் பேசும். இந்தத் தொடரில் காபித்தின் இடத்தில் ஒரு ஆண் வந்து நின்றான். அங்கேதான் புதுமை தொடங்கியது. அதைவிடப் பெரிய புதுமை, அந்த ஆண்களை எப்படிக் காட்டினார்கள் என்பது. ஆணை விரும்பும், பெண் சாயலுள்ள ஆணைக் குறிக்கும் ‘பக்லா’ என்ற சொல் அந்த ஊரில் எல்லார் வாயிலும் வரும். தொலைக்காட்சியில் பக்லா என்றால் பெரும்பாலும் அழகு நிலையத்தில் முடி வெட்டுகிற, கையை ஆட்டிப் பேசுகிற, சிரிக்க வைக்கிற தோழன்தான். வின்சென்ட்டும் எரிக்கும் சட்டையை டக்-இன் செய்துகொண்டு அலுவலகம் போனார்கள். யாரையும் சிரிக்க வைக்கவில்லை. அவர்கள் அழுததைப் பார்த்து வீட்டில் இருந்தவர்கள் அழுதார்கள்.

சினிமாவில் இது முதல் முறை இல்லை. மனைவியும் மகனும் உள்ள, தன்பாலீர்ப்பை மறைத்து வாழும் ஒருவரின் கதையை பிலிப்பினோ இயக்குநர் லினோ புரோக்கா 1970-களின் தொடக்கத்திலேயே ‘துபோக் சா கிந்தோ’ என்ற படமாக எடுத்திருந்தார். ஆனால் சினிமாவுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போக வேண்டும். தொலைக்காட்சி தானாகவே வீட்டுக்குள் வந்து, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இந்த நிகழ்வுக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

நாடு அப்போது இரண்டு மனநிலையில் இருந்தது. தொடர் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு வெளியான, அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் கருத்துக் கணிப்பில், தன்பாலீர்ப்பைச் சமூகம் ஏற்க வேண்டும் என்று பிலிப்பைன்ஸ் மக்களில் 73 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். ஆனால் அதற்கு நான்கு வருடம் முன்பு, 2009-ல், ‘அங் லட்லட்’ என்ற, தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் சேர்ந்த கட்சியைப் பதிவு செய்ய மறுத்த தேர்தல் ஆணையம், அதற்குக் காரணமாக பைபிளையும் குர்ஆனையும் மேற்கோள் காட்டியது. 2010-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அந்தக் கட்சி தேர்தலில் நிற்க முடிந்தது. கருத்துக் கணிப்புக்கு ஒரு பதில் இருந்தது, சொந்த வீட்டுக்கு வேறொரு பதில் இருந்தது. தொடர் ஓடும்போதும் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து கவலைக் குரல்கள் வந்தன. தணிக்கை வாரியம் நிலையத்தாரோடு உட்கார்ந்து பேசியது. தொடர் நிற்கவில்லை.

குடும்பம்

ஆத்தேவுக்கு 33 வயது. போஹோல் தீவுக்காரர். வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு சாரி-சாரி கடை நடத்தினார். நம் ஊர்ப் பெட்டிக்கடை போன்றதுதான். கம்பி வலைக்குப் பின்னால் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். கூயாவுக்கு 36. அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுபவர். கல்யாணம் ஆகி ஒன்பது வருடம். மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. கூயாவின் அம்மாவும் அவர்களோடு இருந்தார். தினமும் காலையில் பூசைக்குப் போகிறவர்.

அடிதடி கிடையாது. குடி கிடையாது. சம்பளம் முழுவதையும் மனைவியிடம் கொடுத்துவிடுவார். “எல்லாரும் எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் மகள் பிறந்த பிறகு அவர் என் பக்கம் திரும்பிப் படுத்ததே இல்லை” என்றார் ஆத்தே. அதைச் சொல்லும்போது முன்னால் இருந்த பேப்பர் கப்பின் விளிம்பை நகத்தால் சுற்றிச் சுற்றிக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவர் கிளம்பியபோது மேசையில் வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன.

கவனித்தவை

அவர் முதலில் வந்தது ஜூலை கடைசி வாரம். தொடர் தொடங்கி ஏழாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. “கடையில் வியாபாரம் சரியில்லை, மனசு சரியில்லை” என்று சேர்க்கைப் படிவத்தில் எழுதியிருந்தார். அரை மணி நேரம் கடனைப் பற்றியே பேசினார். எழுந்து போகும்போது, கதவில் கை வைத்தபடி கேட்டார்: “மேடம், நீங்கள் வின்சென்ட் தொடர் பார்க்கிறீர்களா?”

பார்க்கிறேன் என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

இரண்டாம் முறை வந்தபோது வீட்டில் நடப்பதை விவரமாகச் சொன்னார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். பிள்ளைகள் மாடிக்குப் போய்விட வேண்டும். கூயா சுவரோரம் நிற்பார், உட்காரமாட்டார். லாலி வரும் காட்சிகளில் மாமியாரோடு சேர்ந்து ஏதாவது சொல்வார். வின்சென்ட்டும் எரிக்கும் மட்டும் திரையில் இருந்தால் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவார். ஒருநாள் கழுவ ஒன்றுமே இல்லை, ஆத்தே முன்னாடியே கழுவிக் கவிழ்த்துவிட்டார். அன்றும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். கூயா காய்ந்த தட்டுகளை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். உடம்பு தொட்டியைப் பார்த்து நின்றது. கழுத்து மட்டும் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பியிருந்தது.

“என் வீட்டுக்காரர் அந்த மாதிரி நடக்கமாட்டார், அந்த மாதிரிப் பேசமாட்டார். பக்லாவாக இருந்தால் எனக்குத் தெரியாதா என்று நினைத்திருந்தேன். வின்சென்ட்டும்தான் அப்படி நடக்கவில்லையே?”

இந்தக் கேள்வியை அவர் ஒன்பது வருடமாகக் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் தைரியம் இல்லாதது அல்ல. அப்படி ஒரு ஆள் இருக்க முடியும் என்ற படமே அவர் மனதில் இல்லை. தொடர் கொடுத்தது அந்தப் படத்தைத்தான். அந்தத் தொடரின் முக்கியத்துவம் பற்றி யாராவது கேட்டால், நான் இன்றும் முதலில் நினைப்பது அந்தக் காய்ந்த தட்டுகளைத்தான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு: கணவர் யார் என்று நாங்கள் சொல்லமாட்டோம். “நீங்கள் படித்தவர்கள், சொல்லுங்கள், அவரும் அப்படித்தானா?” என்று மூன்று முறை கேட்டார். பாத்திரம் கழுவுவதை வைத்தோ, படுக்கையில் விலகுவதை வைத்தோ ஒருவருடைய ஈர்ப்பை முடிவு செய்ய முடியாது. மன அழுத்தம் இருந்தாலும் விலகுவார்கள், சர்க்கரை நோய் இருந்தாலும் விலகுவார்கள். அதற்கு மேல், அது அவர் வாயிலிருந்து வர வேண்டிய சொல். என் மேற்பார்வையாளர் இருபது வருட அனுபவம் உள்ள பிலிப்பினோ பெண்மணி. இதில் உறுதியாக இருந்தார். “அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் முதல் நபராக அவரே இருக்கட்டும்” என்றார். ஆத்தேவுக்குக் கோபம் வந்தது. பத்து நாள் வரவில்லை.

இரண்டாம் முடிவு: கணவரை நாங்கள் கூப்பிடமாட்டோம். தான் ஆலோசனைக்கு வருவதை ஆத்தே மறைக்காமல் வீட்டில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வேவு பார்க்கவும் வேண்டாம், கைபேசியைத் துழாவவும் வேண்டாம் என்றோம். துழாவியாகிவிட்டது என்றார். ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

மூன்றாவது உடல்நலம் பற்றியது. பிலிப்பைன்ஸில் எச்ஐவி வேகமாகப் பரவிய காலம் அது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 4,800-க்கும் மேற்பட்ட புதிய தொற்றுகள் பதிவாயின. ஆத்தேவிடம் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும் என்று மேற்பார்வையாளர் முதல் நாளே சொன்னார். நான் தள்ளிப்போட்டேன். கணவர் மேல் சந்தேகம் இன்னும் உறுதியாகாதபோது இதைச் சொன்னால் குற்றச்சாட்டு போலாகிவிடும் என்று நினைத்தேன். நான்காவது சந்திப்பில்தான் சொன்னேன். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பரிசோதனைக்கு எழுத்து மூலம் சம்மதம் வேண்டும், முடிவு ரகசியமாக இருக்கும் என்று விளக்கினேன். “இதை ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தால் ஒரு மாதம் தூங்கியிருப்பேனே” என்றார். அவருக்கு அந்தப் பயம் முதலிலிருந்தே இருந்திருக்கிறது, கேட்கத்தான் வெட்கம். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது.

நான்காவது, பேச்சை எளிதாக்க நான் கண்டுபிடித்த ஒரு வழி. ஆத்தே நேராகச் சொல்லத் தயங்கியதையெல்லாம் தொடரை வைத்துச் சொல்ல விட்டேன். ‘லாலி இப்போது என்ன செய்வாள் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்பேன். தடையில்லாமல் பேசுவார். நல்ல வழி என்றுதான் நினைத்தேன். அதன் விளைவு பிறகு தெரிந்தது.

கூயா வந்தது

ஆகஸ்ட் கடைசியில், அலுவலகம் விட்டு, மழையில் நனைந்தபடி அவராகவே வந்தார். கையில் இரண்டு ரொட்டிப் பொட்டலம். ஒன்றை வரவேற்பில் கொடுத்தார், இன்னொன்றை மடியிலேயே வைத்திருந்தார். முதல் வாக்கியம் இது: “என் மனைவி என்னை வின்சென்ட் என்று நினைக்கிறாள். நான் வின்சென்ட் இல்லை.”

சரி என்று காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து, “எனக்கு எரிக் இல்லை” என்றார்.

கல்லூரி முடித்த வருடங்களில் ஒருவரை விரும்பியிருக்கிறார். அந்த நண்பர் கப்பல் வேலைக்குப் போனார். இரண்டு வருடம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அம்மா பெண் பார்த்தார். கல்யாணம் எல்லாவற்றையும் சரியாக்கிவிடும் என்று அவருக்குப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்பட்டது, அவரும் நம்பினார். கல்யாணத்துக்குப் பிறகு வேறு யாரோடும் போனதில்லை. ஒன்பது வருடமாக அவருக்குள் நடந்தது எதுவும் யாருக்கும் தெரியாது.

தொடரை ஏன் நின்றபடி பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். “உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயம்” என்றார். மேற்கொண்டு சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: “என்னை மாதிரி ஒருத்தன் அழுவதைப் பார்த்து என் அம்மா கண்ணைத் துடைத்தாள். அவள் எனக்காக அழவில்லை, அந்த நடிகருக்காக அழுதாள். இருந்தாலும் பார்த்தேன்.”

என் தவறு இங்கேதான் வெளிப்பட்டது. ஆத்தேவும் நானும் ஐந்து வாரமாக ஒரு ‘லவரை’ எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். தொடரின் தலைப்பே எங்கள் கேள்வியை எழுதிவிட்டது. லாலி என்ன செய்வாள் என்று நான் கேட்கக் கேட்க, ஆத்தே வீட்டிலும் அதே மாதிரி பேச ஆரம்பித்திருக்கிறார். ஒரு இரவு மாமியார் முன்னாலேயே, “நம் வீட்டு எரிக் எப்போது வருவார்?” என்று கேட்டுவிட்டார். அந்த வார்த்தைதான் கூயாவை மையத்துக்குத் துரத்தியது. அவர் வராமல் வேறு எங்காவது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என்னால் இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு சந்திப்பு அவரோடு பேசினோம். நாங்கள் உடன் இருக்க வேண்டுமா என்று கேட்டோம். வேண்டாம், வீட்டில் சொல்கிறேன் என்றார். செப்டம்பர் நடுவில் ஒரு ஞாயிறு, அம்மா பூசைக்குப் போயிருந்த நேரம், கடையின் ஷட்டரை இறக்கிவிட்டுச் சொன்னார். ஆத்தே கேட்ட முதல் கேள்வி: “அவர் பெயர் என்ன?” கப்பலுக்குப் போன அந்த நண்பரைக் கேட்டார். பெயரைச் சொன்னார். ஒன்பது வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதானாம்.

சட்டம் என்ன சொன்னது

பிலிப்பைன்ஸில் விவாகரத்து இல்லை. முஸ்லிம்களுக்கு மட்டும் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. மற்றவர்களுக்குத் திருமணத்தைச் செல்லாததாக்கும் வழக்கு உண்டு, சட்டப்படி பிரிந்து வாழும் ஏற்பாடு உண்டு. செலவு அதிகம், வருடக்கணக்கில் இழுக்கும். மையத்துக்கு வாரம் ஒருமுறை வரும் தன்னார்வ வழக்கறிஞர் ஆத்தேவுக்கு மூன்று பிரிவுகளை எடுத்துச் சொன்னார்.

குடும்பச் சட்டத்தின் 46-வது பிரிவு, திருமண நேரத்தில் தன்பாலீர்ப்பை மறைப்பதை மோசடியாகக் கணக்கிடுகிறது. அந்தக் காரணத்தில் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் 47-வது பிரிவுப்படி, தெரிய வந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கேட்க வேண்டும். 55-வது பிரிவு, துணைவரின் தன்பாலீர்ப்பையே சட்டப்படி பிரிந்து வாழ ஒரு காரணமாகச் சொல்கிறது. அடி உதை, போதைப் பழக்கம், கைவிட்டுப் போவது ஆகியவற்றோடு ஒரே வரிசையில். 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், தன்பாலீர்ப்பு மட்டும் திருமணத்தை ரத்து செய்யக் காரணமாகாது, மறைத்ததை நிரூபிக்க வேண்டும் என்று தெளிவாக்கியிருந்தது.

ஆத்தே ‘மோசடி’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். “கோர்ட்டில் நான் அவரை ஏமாற்றுக்காரன் என்று சொல்ல வேண்டுமா? என் பிள்ளைகளுக்கு அந்தத் தாள் பிற்பாடு கிடைக்காதா?” வழக்கறிஞர், அவசரம் இல்லை, ஐந்து வருடம் இருக்கிறது என்றார். அந்த வாக்கியம் ஆத்தேவுக்கு எவ்வளவு நிம்மதி கொடுத்தது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. தொடரில் ஒவ்வொரு இரவும் ஏதாவது ஒன்று வெடித்தாக வேண்டும். ஒரு மனிதருக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருக்க உரிமை உண்டு என்பதை அவருக்குச் சொன்ன முதல் ஆள் ஒரு வழக்கறிஞர்.

மதம் பற்றி நாங்கள் எதுவும் ஆரம்பிக்கவில்லை. ஆத்தேதான் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்துக் காட்டினார். ஜூலை கடைசியில், பிரேசிலிலிருந்து திரும்பும் விமானத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் தன்பாலீர்ப்பு உள்ளவரைப் பற்றி, தீர்ப்புச் சொல்ல நான் யார் என்று கேட்டிருந்தார். ஒரு மாதத்துக்கும் மேலாக அந்தத் துண்டு கடை கல்லாவில், பில் கட்டுக்கு அடியில் இருந்திருக்கிறது. கூயாவிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். “அவர் சொன்ன அன்று கையில் கொடுத்தேன்” என்றார்.

பிறகு நடந்தவை

அக்டோபர் 15 காலை போஹோலில் 7.2 அளவில் நிலநடுக்கம். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆத்தேவின் அம்மா வீட்டுச் சுவர் பிளந்துவிட்டது. உயிருக்கு ஆபத்து இல்லை. கூயா விடுப்பு எடுத்துக்கொண்டு மனைவியோடு பக்கத்துத் தீவான செபு வழியாகப் போனார். பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொண்டார். அக்டோபர் 18 இரவு தொடரின் கடைசிப் பகுதி ஓடியபோது இருவரும் மின்சாரம் இல்லாத ஊரில், வீட்டு முற்றத்தில் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே, பின்னதிர்வுக்குப் பயந்து விழித்திருந்தார்கள்.

அங்கே என்ன பேசினார்கள் என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. திரும்பி வந்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்த ஒரே சந்திப்பில் முடிவை மட்டும் சொன்னார்கள். வழக்கு வேண்டாம். கூயா பக்கத்துத் தெருவில் ஒரு அறை எடுப்பார். சம்பளத்தில் பாதி வீட்டுக்கு. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு விடுவது அவர் வேலையாகவே இருக்கும். பிள்ளைகளுக்கு இப்போதைக்கு, அப்பாவும் அம்மாவும் தனித்தனியாக இருக்கப் போகிறோம், சண்டை இல்லை என்று மட்டும் சொல்வது. மற்றதை அவர்கள் கேட்கும்போது கூயாவே சொல்வது.

ஆத்தே ஒரு நிபந்தனை வைத்தார்: “உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் உங்களைத் துரத்திவிட்டேன் என்று அவர் நினைக்கக் கூடாது.” நியாயமான நிபந்தனை. இப்படிப்பட்ட வீடுகளில் பழி கடைசியில் மனைவி தலையில் வந்து விழுவதை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், பிறகும் பார்த்தேன்.

நவம்பரில் சொன்னார். தொடரில் இரண்டு அம்மாக்கள் உண்டு. எரிக்கின் அம்மா மகனை அப்படியே ஏற்றுக்கொள்கிறவர். வின்சென்ட்டின் வீட்டில் அது நடப்பதில்லை. நான்கு மாதம் எரிக்கின் அம்மாவை மெச்சிக்கொண்டே தொடரைப் பார்த்த மாமியார், சொந்த மகன் சொன்னதும் ஒரு வாரம் சாப்பிடவில்லை. அப்புறம் மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மருமகளோடுதான் கடைசி வரை இருந்தார்.

2014 முழுக்க ஆத்தே மாதம் ஒருமுறை வந்தார். பெரும்பாலும் கோபத்தைப் பேசத்தான். கணவர் கெட்டவர் இல்லை என்பதால் கோபப்பட உரிமை இல்லாததுபோல் ஆகிவிட்டது என்றார். அந்த உரிமையை அவருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் அந்த வருடத்தின் வேலை. ஒன்பது வருடம் தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். கணவரின் துயரம் உண்மை என்பதால் அந்த ஒன்பது வருடம் இல்லாமல் போய்விடாது.

2018-ல் ஐந்து வருடக் கெடு முடிந்தது. மனு போடவில்லை. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம், குடும்பச் சட்டத்தின் 36-வது பிரிவில் திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணமாக வரும் ‘உளவியல் இயலாமை’ என்பது மருத்துவ நோய் அல்ல, சட்டக் கருத்து என்று தீர்ப்பளித்தது. யாரையும் நோயாளி என்று நிரூபிக்கத் தேவையில்லாமல் வழக்குத் தொடர வழி கொஞ்சம் அகலமானது. அப்போது ஆத்தே மறுபடி ஒரு வழக்கறிஞரைப் பார்த்தார், பணம் சேர்க்கிறேன் என்று எனக்குச் செய்தி அனுப்பினார். 2024 மே மாதம் விவாகரத்து மசோதா கீழவையில் நிறைவேறியபோதும் செய்தி அனுப்பினார். மேலவையில் அது சட்டமாகவில்லை. சட்டப்படி இருவரும் இன்னும் கணவன் மனைவிதான்.

தொலைக்காட்சி நகர்ந்துவிட்டது. 2015-ல் அதே நிலையம் இரண்டு பெண்களின் காதலைத் தொடராக எடுத்தது. 2020 ஊரடங்கில் ஆண்களின் காதலைச் சொல்லும் இணையத் தொடர்கள் குவிந்தன. இளைஞர்கள் அவற்றைத் தெருவில் நின்று சத்தமாகப் பேசுகிறார்கள். அவர்களுக்கு 2013-ன் தொடர் மிகவும் ஜாக்கிரதையானதாக, அழுகை மிகுந்ததாகத் தெரியலாம். இருக்கட்டும். பாதுகாப்புச் சட்டம் மட்டும் நகரவில்லை. பாலின ஈர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் மசோதா 2017-ல் கீழவையில் 198-0 என்று நிறைவேறி, மேலவையில் படுத்துவிட்டது. அதற்கு முன்பே, 2014-ல், கேசான் சிட்டி தனக்கென ஒரு நகரச் சட்டம் கொண்டுவந்திருந்தது. கூயா வாடகைக்கு அறை தேடியபோது அது இல்லை. ‘கல்யாணமானவர் தனியாக ஏன்?’ என்ற கேள்விக்கு மூன்று வீட்டுக்காரர்களிடம் பொய் சொன்னார்.

இன்று எதை மாற்றிச் செய்வேன்

பரிசோதனை பற்றிய தகவலை முதல் நாளே கொடுப்பேன். யாரையும் சந்தேகித்து அல்ல, மணமாகி வரும் எல்லாருக்கும் கொடுக்கும் தாளாக. மையத்தில் 2014 ஜனவரியிலிருந்து அப்படித்தான் செய்தோம். அந்தத் தாளை அச்சிட்டவள் நான்.

தொடரின் பெயர்களைப் பேச்சில் கடன் வாங்க மாட்டேன். வாங்கியே ஆக வேண்டும் என்றால், அந்தக் கதையில் இருப்பதில் உங்கள் வீட்டில் என்னவெல்லாம் இல்லை என்றும் சேர்த்துக் கேட்பேன். ஆத்தேவுக்கு ஒரு கேள்வியைக் கொடுத்த அதே தொடர், பதிலையும் தானே எழுத வந்தது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியது என் வேலை, நான் செய்யவில்லை.

ஆத்தே என்ன வேண்டும் என்று நினைக்கிறார் என்பதை, கணவர் யார் என்ற கேள்விக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கூயா வாயைத் திறக்கும்வரை அவர் விருப்பத்துக்கு எங்கள் குறிப்பேட்டில் இடமே இல்லை.

மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் மூன்று, நான்கு முறை மருமகளுக்குத் துணையாக அவரும் ஜீப்னி (ஷேர் வண்டி) பிடித்து வந்திருக்கிறார். கடைக் கடன் விஷயமாக என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வெளியே, மின்விசிறிக்கு அடியில், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் செபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பிஸ்கட்டும் காபியும் கொண்டுபோய்க் கொடுப்பேன். ‘சலாமத், அனாக்’ என்பார். நன்றி, மகளே. ஒருமுறை, உள்ளே நடக்கும் பேச்சு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுவிட்டு, “நேற்று வின்சென்ட் அம்மாவைப் பார்த்தாயா? பாவம், அவளுக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும்” என்றார். நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவரிடம் உட்கார்ந்து பேச யாரையும் நாங்கள் அனுப்பவில்லை. 2017-ல் அவர் இறந்தபோது மகனோடு பேசி நான்கு வருடம் ஆகியிருந்தது.